வளைவுக்கு முன்னாடியே

லோரோங் கூலிட் ஞாயிறுச் சந்தையில்
தொண்ணூறு சொன்னான், அறுபத்தைந்துக்குக் கொடுத்தான்.
"ஓடாது, சும்மா அலமாரியில வை" என்றான்,
பழைய ரிமோட்டுகளுக்கும் ஒற்றைக் காலணிகளுக்கும்
நடுவில் உட்கார்ந்திருந்தவன்.
மூடியின் உட்புறம் பென்சிலில் ஒரு பெயர்:
ஓங் சீ வா, மூன்றாம் வகுப்பு.
பச்சை எஞ்சின். இரண்டு பெட்டிகள். ஓர் எண்ணெய் டாங்கி.
தண்டவாளத்தில் ஒரு நேர்த்துண்டைக் காணோம்.

இந்தத் தீவுக்கு ரயில் கிடையாது.
கொடிமலையில் கயிறு இழுத்து ஏற்றுவதை
நான் கணக்கில் சேர்ப்பதில்லை.
தெற்கிலிருந்து வருவதெல்லாம்
பட்டர்வொர்த்தில் மூச்சுவிட்டு நின்றுவிடும்.
இந்தக் கரையிலும் மணிக்கூண்டு வைத்து
ஒரு ஸ்டேஷன் கட்டினார்கள், டிக்கெட் விற்றார்கள்.
ரயில்தான் வரவில்லை.
ஆகவே ஆயர் ஈத்தாமில், பதினோராம் மாடியில்,
நான் தொடங்கியது சின்ன வேலையில்லை.

பாயான் லெப்பாஸில் நாளெல்லாம் போர்டு சோதிக்கிறவள் நான்.
மீட்டரை வைத்ததுமே தெரிந்துவிட்டது:
மோட்டாருக்குள் கரண்டே போகவில்லை.
கார்பன் இரண்டும் தேய்ந்து எள்ளளவு.
செம்பு உருளையின் இடுக்குகளில்
அறுபது வருடக் கறுப்பு.
பல்குச்சியால் நோண்டினேன், ஸ்பிரிட்டால் துடைத்தேன்.
செத்துப்போன மிக்சியைப் பிரித்து
அதன் கார்பனை மணல்தாளில் தேய்த்தேன்,
தேய்த்தேன், தும்மினால் கறுப்பாய் வரும்வரை.
தேங்காய்ச் சட்னி அரைத்தது இனி ரயில் இழுக்கும்.
காணாத துண்டுக்கு எதிரே இருந்ததையும் கழற்றிவிட்டேன்.
பாதை சின்னதானது. ஆனால் மூடியது.

டிரான்ஸ்ஃபார்மரைச் செருகிய மறுநொடி
வீடே இருட்டு.

அறைக்கதவு திறந்தது.
கைப்பேசி வெளிச்சத்தோடு குணாளன்.
அப்பாவின் வீராவை என்னைக் கேட்காமல் விற்றதிலிருந்து
நாலு மாதமாக நாங்கள் பேசுவது
ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் மஞ்சள் தாளில்:
கேஸ் முடிந்தது. தண்ணீர் பில் உன் முறை.
எதுவும் கேட்காமல் டிரிப் சுவிட்சை ஏற்றினான்.
போவான் என்று நினைத்தேன்.
துணி உதிரும் பழைய வயரை வெட்டி
ரைஸ்குக்கர் வயரை நான் முறுக்கும்வரை
என் கைமேல் வெளிச்சம் பிடித்தான்.
கொஞ்சம் ஆடியது அந்த வெளிச்சம்.

மறுபடி செருகினேன். ஒரு முனகல்.
சக்கரத்தடியில் நீலமாய் ஒரு பொறி,
மழைக்கு முந்தைய மின்னல் வாசம்.
எஞ்சின் நகர்ந்தது. பின்னோக்கி.
வயரை மாற்றிக் கொடுத்தேன், முன்னோக்கி வந்தது.
சந்தோஷத்தில் பிடியை முழுக்கத் திருப்பிவிட்டேன்:
வளைவில் எகிறி
ஃபிரிட்ஜ் காலில் மோதிக் கவிழ்ந்தது.

"உள்ள நாப்பது பேர் நிக்கிறாங்க,"
என்றான் 201-ம் நம்பர் பஸ் ஓட்டுகிறவன்,
"இப்படியா திருப்புவ?"

நாலு மாதத்தில் முதல் வாக்கியம்.

பிடியை வாங்கிக்கொண்டான்.
கன்னத்தைத் தரை ஓட்டில் வைத்துப் படுத்து
ரயிலின் உயரத்திலிருந்து பார்த்தான்.
"வளைவுக்கு முன்னாடியே குறைக்கணும்.
வளைவுல வந்து குறைக்கக்கூடாது."
எஞ்சின் அவன் சொன்னபடி கேட்டது.
சோபாக் காலைச் சுற்றி, என் செருப்பைத் தாண்டி
பதினேழு முறை. நான் எண்ணினேன்.
காரைப் பற்றி அவனும் எடுக்கவில்லை, நானும்.
மூன்றரைக்குப் படுக்கப் போனான்,
ஐந்துக்கு டிப்போ.

காலையில் ஃபிரிட்ஜ் கதவில் மஞ்சள் தாள்:
ஜன்னல் பக்கத் தண்டவாளத்தில் எண்ணெய் அதிகம்.
துடை. எஞ்சினைத் தொடாதே,
நான் வந்துவிடுகிறேன்.