டவர் இல்லை

நாலு மணிப் பேருந்து ஏரியை விட்டுத் திரும்புகிறது.
மடியில் எஸ்டேட் சம்பளக் கணக்கு,
அதன்மேல் காலி டிபன் பாக்ஸ்,
அதன்மேல் போன்.

ஆறு இலக்கத்தில் ஒரு எண் வரும்,
படிச்சுச் சொன்னாப் போதும்மா என்றிருந்தாள் காலையில்.
ஐந்து மணிக்குள் பூட்டிவிட வேண்டுமாம்.
வீட்டை அல்ல, பீரோவை அல்ல,
எந்த ஊர், எந்தக் காலேஜ், எந்தப் படிப்பு என்று
அவளே அடுக்கிய நாற்பத்திரண்டு வரிகளை.

முதல் வரி, சுரங்கப் பொறியியல். சென்னை.
கம்ப்யூட்டர் சயின்ஸ், நம்மூர்க் காலேஜ்,
வாசலுக்கே பஸ் வருகிற காலேஜ்,
பத்தொன்பதாவது வரியில்
பந்தியில் இடம் கிடைக்காத தூரத்துச் சொந்தம்போல
நின்றுகொண்டிருக்கிறது.

செங்கோடண்ணன் மத்தியானத்திலிருந்து மூன்று தடவை கூப்பிட்டாயிற்று.
"பொம்பளப் புள்ளைக்குக் குழிக்குள்ள என்ன வேலை?
போனு உங்கிட்டதான இருக்கு,
புத்தி எங்க இருக்கு?"

எங்கே இருந்ததோ
செட்டிச்சாவடியில் வீடு கட்டி
வெள்ளைக்கல் மேட்டைப் பார்த்து ஜன்னல் வைத்தபோது.
மூன்றாம் வகுப்பிலிருந்தே பாவாடைப் பையில் கல்.
ஒருநாள் வாஷிங் மெஷின் கடகடத்து நின்றது.
மெக்கானிக் எண்ணூறு ரூபாய் வாங்கிக்கொண்டு
என் உள்ளங்கையில் ஒரு துண்டு வைத்தார்.
அடித்தேன்.
அழுதுகொண்டே கேட்டாள்,
"மலை கறுப்பா இருக்கு, இது மட்டும் ஏம்மா வெள்ளை?"
பதில் தெரியாததற்கு இன்னொரு அடி.
இன்றைக்கும் தெரியாது.

பதினேழாவது வளைவு.
எண் வந்துவிட்டது.
பத்து நிமிடம்தான் அதற்கு ஆயுள்.
பின்னாலேயே அவள் அழைப்பு,
அறுந்து அறுந்து:
"ம்மா… வந்… ம்மா…"

இந்தச் சாலையில் போய்வருகிற எல்லோருக்கும்
ஒரு பொய் உண்டு.
மேனேஜரிடம் சொல்லியிருக்கிறேன்,
தவணை கேட்கிறவனிடம் சொல்லியிருக்கிறேன்,
மாமியாரிடம் வாரம் இரண்டு முறை.
டவர் இல்லை.
இத்தனை பெரிய மலை
எனக்காகப் பொய்ச்சாட்சி நிற்கும்.
ஐந்து தாண்டினால் அவள் பட்டியல் செல்லாது,
அடுத்த சுற்றில் மிச்சம் கிடப்பதுதான்.
மிச்சம் கிடப்பது
வாசலுக்கே பஸ் வருகிற காலேஜ்.

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

பதினான்கு.
தடுப்புச் சுவரில் தாய்க்குரங்கு
யாரோ எறிந்த சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கிறது.
குட்டிதான் அதைப் பிடித்திருக்கிறது;
அதன் கை இரண்டும் வேறு வேலையில்.

என் பயம் குழி இல்லை, சென்னையும் இல்லை.
அவர் லாரியோடு நாக்பூரில் இருக்கிற ராத்திரிகளில்
ஆறரை மணிக்கு நான் கதவைத் தட்டினால்
யார் திறப்பார்கள்?
அண்ணனிடம் இதைச் சொல்ல முடியாது.
சொன்னால் அழுதுவிடுவான், பாவம்.

பதினொன்று. பத்து.
எண் மடியிலேயே செத்துப்போனது.
நான்தான் சாகவிட்டேன்.

ஒன்பதில் இரண்டு கோடு எழுந்தது.
என் விரல்தான் அவளைக் கூப்பிட்டது.
"எங்கம்மா போன?"
"டவர் இல்ல கண்ணு."
"டைம் முடியப்போவுது."
"இன்னொண்ணு அனுப்பச் சொல்லு."

வந்தது.
யாரிடமும் பகிர வேண்டாம் என்று
எண்ணுக்குக் கீழே எழுதியிருந்தது.
"நாலு… பூஜ்யம்…"
பட்டர் ஃப்ரூட் கூடைக்காரர் தோளைத் தட்டினார்.
"அதெல்லாம் வெளிய சொல்லாதீங்கம்மா, ஏமாத்திப்புடுவாங்க."
"இது என்னோடது இல்லீங்க" என்றேன்.
சொன்ன பிறகுதான்
எவ்வளவு நிஜம் என்று தொண்டையை அடைத்தது.

"ஒன்பது… ரெண்டு… ரெண்டு…
இலக்கியா, கேக்குதா? ஏழு. ஏழு!"
பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

கோடு இரண்டும் விழுந்துவிட்டன.
இப்போது நிஜமாகவே டவர் இல்லை.
ஏழு போய்ச் சேர்ந்ததா தெரியாது.
அடிவாரத்துக்கு இன்னும் நாலு வளைவு.
மரங்களுக்கு நடுவே, கீழே,
வெள்ளைக்கல் மேட்டில் சாயங்கால வெயில்
காட்டிவிட்டு மறைகிறது, காட்டிவிட்டு மறைகிறது.
எல்லாத் திருப்பத்திலும் எழுந்து எழுந்து
அதையே பார்க்கிறேன்,
உட்காருங்கம்மா என்கிறார் கண்டக்டர்.