யார்

டூயிஸ்பர்க்கில், மார்க்ஸ்லோ கடைத்தெருவில்,
கல்யாண கவுன் விற்கும் கடைகள் வரிசையாய்.
நான்காவது கடையின் பின்னறையில்
சோங்குல் பாடிக்கொண்டிருக்கிறாள்.

ஸ்டூடியோவுக்குக் காசில்லை.
இங்கே நாற்பது வெள்ளை கவுன்கள் தொங்குகின்றன,
எதிரொலியை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிடும்
என்று கண்டுபிடித்தவன் எர்குட்.
மடியில் லேப்டாப், ஒரு காதில் மட்டும் ஹெட்போன்.
அடுத்த அறைத் தையல் மெஷினின் கடகடப்பை
வெட்டி ஒட்டித் தாளமாக்கியதும் அவன்தான்.

கடைசி ரோஜா என்று பொருள் அவள் பெயருக்கு.
நான்காவதும் பெண் என்றால் வைப்பது.
போதும்பொண்ணு என்று வைத்துக்கொள்ளுங்கள்.
பள்ளியில் முதல் எழுத்தே தவறாய் விழும்.
நானும் சரியாய் எழுதவில்லை,
அந்தக் கடைசி உகரத்துக்கு
விசிலடிப்பதுபோல் உதடு குவிய வேண்டும்.

முதல் சரணம் ஜெர்மனில்.
புவியியல் டீச்சர் கேட்டாராம்,
உங்கள் ஊரில் இப்போது வெயிலா?
ஜன்னலைப் பாருங்கள் மேடம்,
என் ஊரில் மழை.
ஆகஸ்டில் சாம்சுன் போனால்
மளிகைக்கடைக்காரர் இவளிடம் மட்டும்
மெதுவாய், சத்தமாய்ப் பேசுவார்,
காது கேளாதவளிடம் பேசுவதுபோல்.
அதையும் ஜெர்மனிலேயே பாடிவிட்டாள்.
கோபத்துக்கு அந்த மொழி வசதி.

இரண்டாம் சரணம் துருக்கியில்.
காதல் அங்கேதான் இருக்கிறது.
ஏனென்றால் துருக்கியில்
அவன், அவள், அது எல்லாமே ‘ஓ’.
வாயை வட்டமாக்கினால் முடிந்தது.
ஜெர்மனில் முடியாது, ஏதாவது ஒன்றைச்
சொல்லித் தொலைக்க வேண்டும்.

எனக்கும் இங்கே தர்மசங்கடம்.
தமிழில் வினைச்சொல்லின் வாலே
காட்டிக்கொடுத்துவிடும்.
‘அவர்’ போடலாம்தான்.
ஆனால் அவர் என்றதும் பி.டி. வாத்தியார் வருகிறார்.
பபிள்கம் ஊதி, அது வெடித்து
மூக்கில் ஒட்டிக்கொண்ட பதினாறு வயதுக்கு
அது தொளதொளச் சட்டை.
எனவே இவ்வளவுதான் சொல்வேன்:
தொள்ளாயிரத்து மூன்றாம் டிராம்,
ஈரத் தலை,
பாதி பபிள்கம்மைப் பிய்த்து நீட்டிய விரல்கள்,
நகத்தோரம் நீல மை.

பல்லவி ஒரே சொல், நான்கு முறை:
யாரிம்.
அவர்கள் பாட்டுகளில் ‘யார்’ என்றால் நெஞ்சுக்கு நெருங்கிய உயிர்.
யாரிம், என் யார்.
நாக்கைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தால்
அதே சொல் ‘பாதி’ ஆகிவிடும்.
மூன்றாவது முறை நழுவிடுச்சு, என்றான் எர்குட்,
பாதின்னு கேக்குது. இன்னொரு டேக்?
வேண்டாம், இருக்கட்டும்.

அப்போது தையல் மெஷின் நின்றது.

நாஜியே உதட்டில் கடித்திருந்த குண்டூசிகளை
ஒவ்வொன்றாய் எடுத்துத் தகர டப்பாவில் போடுகிறாள்.
மகளின் மைக்குக்கு அதுவும் கேட்கிறது.
நான்கு ஊசி. பிறகு குரல்:
யார் அது?

கேட்கும்போது மட்டும்
நம் மொழியும் ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை.

சோங்குல் பதில் சொல்லவில்லை.
ஹெட்போனைக் கழற்றவும் இல்லை.
எர்குட்டின் விரல் நிறுத்தும் பொத்தானுக்கு மேல்
அந்தரத்தில் நிற்கிறது.
ஒரு கவுனின் பாவாடை
காற்றில்லாமலே அசைந்தது.

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது,
முன்னைவிடக் கொஞ்சம் மெதுவாய்.
பாட்டின் மிச்சத்தை
அந்த வேகத்தில்தான் பாடினாள்.