பத்தொன்பதாம் நிமிடம்

ரான்வா பாடம் நடத்துவது
கம்பளிக் கோட்டுகள் தொங்கும் அலமாரிக்குள்.
ஃபாரோ தீவுகளில் காற்று நுழையாத ஒரே இடம்
அதுதான் என்பாள்.
மடியில் கணினி, முழங்காலில் மைக்.
வெளியே தோர்ஷவ்ன் துறைமுகத்தில்
மழை படுத்தவாக்கில் பெய்துகொண்டிருக்கும்.

அவள் அனுப்பும் ஒலிக்கோப்புகளைச் சுத்தம் செய்பவன் நான்.
பல்கலைக்கழகம் தந்த பதவிப் பெயர் இரண்டு வரி நீளம்.
வேலை சின்னது:
'ம்ம்'களை வெட்டுவேன்,
'அதாவது'களில் பாதியை வெட்டுவேன்,
எச்சில் விழுங்கும் சத்தத்தை வெட்டுவேன்.
வெட்டியதையெல்லாம் சேர்த்து வைத்திருந்தால்
ஒரு பருவத்துக்கு ஒரு முழு வகுப்பு தேறியிருக்கும்.

செவிலியர் படிப்பு, இரண்டாம் ஆண்டு.
பாட்காஸ்ட் எண் பதினான்கு: இதயம்.
கடலடிச் சுரங்கத்தில் பேருந்து ஓட்டியபடி ஒருத்தி கேட்கிறாள்.
கைக்குழந்தை உறங்கும் அறையில்
ஒலியைப் பாதியாக்கி ஒருத்தி.
பைனிர், சால்மன் ஆலையின் இரவுப் பணியில்,
இரைச்சல் தடுக்கும் காதுமூடிக்குள் ரான்வாவின் குரல்,
கையில் கத்தி, முன்னால் தலையில்லாத மீன்கள்.

பத்தொன்பதாம் நிமிடத்தில் அவள் சொன்னாள்:
"இங்கே படம் காட்ட வழியில்லை. கேளுங்கள்."
ஸ்டெதஸ்கோப் குழாயில் மைக்கைச் செருகி
சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.
நாற்பது நொடி.
லப் டப். லப் டப்.

என் திரையில் அது குன்றுகளின் வரிசை.
ஏழெட்டுக்கு ஒருமுறை
ஒரு குன்று முண்டியடித்து முன்னால் வந்தது.
பிறகு வெறும் சமவெளி.
பிறகு சற்றே பெரிய குன்று.
கேபிள் கோளாறு என்றே நினைத்தேன்.
சரிசெய்ய இரண்டு நிமிடம் போதும்:
நல்ல துடிப்பு ஒன்றைப் பிரதியெடு,
கெட்டதன்மேல் ஒட்டு, ஒட்டு, ஒட்டு.
முதல் ஒட்டுக்கு விரல் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை. நோல்சோய்க்குப் படகு ஐந்து மணிக்கு.
விட்டால் துறையில் ஈரச் செருப்போடு காத்திருக்க வேண்டும்.
எவன் கவனிக்கப்போகிறான் என்று
அப்படியே ஏற்றிவிட்டு ஓடினேன்.
என் பணிக்காலத்தின் தலைசிறந்த சோம்பல் அது.

திங்களன்று வரைபடம் பார்த்தோம்.
ஏறக்குறைய எல்லாக் கோடுகளும்
பத்தொன்பதில் நின்று, பின்னால் போய்,
மறுபடி வந்து, மறுபடி பின்னால் போயிருந்தன.
ரான்வாவின் முகம் சுருங்கியது.
"அங்கே சரியாக விளக்கவில்லை போல.
திரும்பப் பதிவுசெய்யலாமா?"

பைனிரின் மின்னஞ்சல் அதற்குள் வந்து கிடந்தது.
"எட்டாவது, பதினாறாவது, இருபத்துமூன்றாவது துடிப்பு
தாளம் தப்புகிறது.
ஐந்து தடவை கேட்டேன், மற்றவர்களையும் எண்ணச் சொன்னேன்.
இது தேர்வுக்கான கேள்வியா?
இல்லையென்றால், மன்னிக்கவும்,
உங்களுக்குத் தலை சுற்றுகிறதா?"

என் மேசையருகே நின்றபடி படித்தாள்.
சுற்றுகிறதாம். மாடிப்படியில்.
அலமாரிக்குள் காற்றில்லாததால் என்று
இத்தனை நாள் அலமாரியைத் திட்டியிருக்கிறாள்.
வலக்கை விரல்கள் தாமாகவே
இடது மணிக்கட்டில் போய் உட்கார்ந்தன.
உதடு அசையாமல் எண்ணினாள்.
எதற்கென்று தெரியாமல்
நானும் என்னுடையதை எண்ணினேன்.

அந்த முதல் ஒட்டைப் பற்றி
அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

பதினைந்தாம் பகுதியை
மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பதிவுசெய்து அனுப்பியிருக்கிறாள்.
"போன வாரக் கேள்விக்கு விடை: பைனிர் சொன்னது சரி.
தினம் ஒரு மாத்திரை. காபி கூடாது.
மாத்திரையை விழுங்கிவிடலாம்,
காபி கூடாது என்பதைத்தான்... ம்ம்.
போகட்டும். சிறுநீரகத்துக்கு வருவோம்."

பின்னணியில் லிஃப்ட் மணி,
யாரோ தள்ளிப்போகும் வண்டியின் ஒரு கிறீச்சிடும் சக்கரம்,
நீளமாக இன்னும் மூன்று 'ம்ம்'.
எதிலும் நான் கை வைக்கவில்லை.

ஒலித்தரம் குறைந்துவிட்டதாக
மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது.
இன்றைக்குள் பதில் எழுத வேண்டுமாம்.
மணி நாலே முக்கால்.