முப்பத்தெட்டு

டிராப்சோன் மருத்துவமனை, கீழ்த்தளம், ஜனவரி.
சன்னல் கிடையாது.
கருங்கடல் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது என்பதை
துலாய் கொண்டுவரும் நெத்திலி வறுவலின் வாசனையில்
தெரிந்துகொள்வேன்.
அந்த மாதம் துலாய்க்கே வாசனை தெரியவில்லை.

மேலே மூன்று மாடிகளில்
ஆண்கள் குப்புறப் படுத்து மூச்சுக்கு அலைந்தார்கள்.
எனக்கு வந்ததெல்லாம் அவர்களுடைய குழாய்கள்.
மஞ்சள் மூடி, பட்டைக் கோடுகள், பெயர்.
சுழற்றினால் சிவப்பு அடியில் தங்கும்,
வைக்கோல் நிறத்தில் ஒரு தெளிவு மேலே நிற்கும்.
அதில் ஒரு சொட்டு போதும்,
இயந்திரம் ஆளை எண்ணாக்கிவிடும்.

மருத்துவர் பெர்ரின் ஏதோ ஆய்வுக்காக
இன்னொரு சோதனையும் கேட்டிருந்தார்:
டெஸ்டோஸ்டிரோன்.

திரையில் இரண்டு வரிசை.
அழற்சி ஏறிக்கொண்டே போனது.
மற்றது இறங்கிக்கொண்டே வந்தது,
ஒரே ராட்டினக் கயிற்றின் இரு முனைபோல.
முன்னூறுக்கு மேல் இருக்கவேண்டிய இடத்தில்
ஐம்பது, அறுபத்திரண்டு, நாற்பத்தைந்து.
இயந்திரம் கெட்டுவிட்டதென்று நினைத்தேன்.
சரிபார்க்க என் கையிலேயே ஊசி போட்டு எடுத்தேன்.
நாற்பத்தொன்று.
ஒரு பெண்ணுக்குச் சரியான அளவு.
இயந்திரம் பொய் சொல்லவில்லை.

அடுத்த குழாயில் அந்தப் பெயர்.
ருக்னெத்தின்.
பிறந்த வருடம் பார்த்தேன்.
தாயின் பெயர் பார்த்தேன்.
பதினொரு வருடம் நான் தேய்த்த சட்டைகளின் கழுத்தளவு
கேட்காமலே ஞாபகம் வந்தது.

படகுக்காரன். கடலைவிடச் சத்தமாகப் பேசுவான்.
பிள்ளை இல்லை என்றதும்
ஊர் ஊராக என் இரத்தத்தை அனுப்பிவைத்தவன்.
நீங்களும் ஒருமுறை கொடுங்கள் என்றதற்கு
மீசையைத் தொட்டுக் காட்டினான்,
அதுதான் சான்றிதழ் என்பதுபோல.
பிறகு கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

இப்போது அந்த இரத்தம்
தானாகவே என் மேசைக்கு வந்திருந்தது.

முப்பத்தெட்டு.

என்னைவிட மூன்று குறைவு.
சிரிப்பு வருமென்று காத்திருந்தேன்.
வரவில்லை.
மறுபடி ஓட்டினேன். முப்பத்தொன்பது.
யாருக்காக மறுபடி ஓட்டினேன், தெரியாது.

வைரஸ் நேராக விதைக்குள் இறங்குகிறதா,
இல்லை காய்ச்சலில் தவிக்கும் மூளை
அங்கே ஆணை அனுப்ப மறந்துவிடுகிறதா?
இரண்டும் இருக்கலாம் என்றார் பெர்ரின்.
வறண்டதால் தீ பரவியதா,
தீ பரவியதால் வறண்டதா?
தெரியவில்லை என்றார்,
தெரியவில்லை என்று சொல்லக் கூசாத முதல் மருத்துவர்.
ஒன்று மட்டும் சொன்னார்:
அந்த ஹார்மோன் அழற்சிக்கு ஒரு கடிவாளமாம்.
முஷ்டி என்றும் மீசை என்றும்
நாங்கள் எண்ணிப் பயந்தது
உள்ளே இத்தனை காலம்
அடங்கு, அடங்கு என்று
சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

ஏப்ரலில் அவன் பெயர் மீண்டும் வந்தது.
வைரஸ் போய்விட்டது,
அழற்சி இன்னும் கொஞ்சம்.
மழை விட்டும் தூவானம் விடவில்லை.
நூற்று எழுபத்திரண்டு.
மற்ற சிலருடைய பெயர்கள் மீண்டும் வரவேயில்லை.

ஜூனில் இரத்தம் எடுக்கும் சன்னலில் துலாய்க்குப் பதில் நான்.
சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தவன்
முகக்கவசத்துக்கு மேலே என்னை அறிந்துகொண்டான்.
எழுந்து போகவில்லை.
நரம்பு கிடைக்க நேரமானது.
தழும்பாகிப் போன கை.

“நான்கு நாளுக்கொருமுறை சவரம் செய்தால் போதுமாகிவிட்டது” என்றான்,
என்னிடமா, ஊசியிடமா.
“படியேறினால் மூச்சு வாங்குகிறது.
ராத்திரியில் காரணமில்லாமல் அழுகை வருகிறது.
இது நோயா, மருந்தா?”

டாக்டரைக் கேளுங்கள் என்றேன்.

“அன்றைக்கு எவ்வளவு இருந்தது?”

குழாயை மூன்று முறை கவிழ்த்து நிமிர்த்தினேன்.
எனக்குத் தெரிந்த எண்
நாக்கின் நுனியில் சூடாக இருந்தது.
டாக்டர் சொல்வார் என்றேன்.

பஞ்சை அழுத்திப் பிடியுங்கள், ஐந்து நிமிடம்.

தலையாட்டினான்.
பின்னால் வரிசை நீண்டது,
யாரோ இருமினார்கள், யாரோ விலகினார்கள்.
நாற்காலி ஓரத்தில் முழங்கையை மடக்கி
பத்து நிமிடமாகியும்
பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.