நூற்றிருபது மீற்றர்

"எத்தின வருசம் ஓடின நீ?"

ஹெவி லைசன் கைக்கு வந்து ஐந்து மாதம்.
கல்முனையில் கேட்டார்கள்.
ஒலுவிலில், கருவாட்டு லொறிக்காரர் கேட்டார்.
செங்கலடியில் மணல் டிப்பர்கள் நிற்கும் வெட்டையில்
கதவில் சாய்ந்து பல்லுக் குத்தியபடி
ஒருவர் கேட்டுவிட்டு
பதிலுக்கு முன்பே குச்சியைத் துப்பினார்.

ஓடியிராவிட்டால் ஓடத் தரமாட்டார்கள்.
ஓடத் தராமல் ஓடினேன் என்று எப்படிச் சொல்வது?
இந்த முடக்கில் ரிவர்ஸ் எடுக்க
லேர்னர்ஸ்காரர் சொல்லித் தரவில்லை.

அக்காவின் காப்பு இரண்டும் அடகில்.
ரசீதும் லைசனும் ஒரே பொலித்தீன் உறையில்.
பொலிஸ் மறித்தால்
எதை முதலில் நீட்டுவேனோ தெரியாது.

பிறகு வீரமுனையிலிருந்து சைக்கிள் மிதித்துப் போய்
சம்மாந்துறையில் மஹ்ரூப் ஹாஜியாரின் அரிசி மில்.
"கிளீனரா நிக்கிறியா?"
நின்றேன்.

அந்த லேலண்டுக்கு என்னைவிட மூன்று வயது கூட.
கலந்தர்லெப்பை செருப்பைக் கழற்றிவிட்டுத்தான்
கிளச்சில் கால் வைப்பார்.
ஒன்றும் சொல்லித்தர மாட்டார்; கேட்டால்
ரேடியோவைக் கூட்டுவார்.
என் வேலை பின்னால் நிற்பது.
வா, வா, இடத்துக்கு வெட்டு,
வா, இன்னும் வா,
நில்லு!
ஊரெல்லாம் என் தொண்டையால்தான்
லொறி பின்வாங்கியது.

ஆனால் அசர் தொழ அவர் போகும் நேரம்
தராசை மறித்து லொறி நிற்கக்கூடாது.
"மில்லுக்குள்ளதானே, நீ எடு" என்றார் கிளாக்கர் முபீன்
கணக்குப் புத்தகத்தை விட்டுத் தலை தூக்காமல்.
தராசிலிருந்து நெல்லுக் கொட்டில் வரைக்கும்
நடந்து அளந்தேன்: நூற்றிருபது மீற்றர்.
இடையில் ஒரு உமிக் குன்று, ஒரு குழாயடி,
அசையாத ஒரு நாய்.
மூன்றாம் கியருக்கு அங்கே இடமில்லை.

ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு கோடு
பழைய பில்லின் பின்பக்கத்தில்.
எண்பத்திநான்கு கோடு சேர்ந்த கிழமை
அக்கரைப்பற்றில் ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டுப் போனேன்.
"எத்தின வருசம்?"
"பத்துக் கிலோமீற்றரும் எண்பது மீற்றரும்."
சிரித்தார்.
பக்கத்திலிருந்தவருக்குச் சொல்ல, அவரும் சிரித்தார்.
பிளேன்ரீ வந்தது.
வேலை வரவில்லை.

செவ்வாய்க்கிழமை
கலந்தர்லெப்பைக்குக் கல்லுக் குத்து.
இடுப்பைப் பிடித்துக்கொண்டு அம்பாறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும்
செருப்பைக் கழற்றித்தான் ஓட்டோவில் ஏறினார்.
டாங்கியில் டீசல் இல்லை.
முபீன் சாவியை எறிந்தார்:
"மல்வத்தை செட்டுல அடிச்சிட்டு வா. வெறும் லொறிதானே."

வெறும் லொறி துள்ளும்.
யாரும் எனக்குச் சொல்லாத ஒன்று.

விளினையடிச் சந்தியில் நின்றுபோனது.
ஸ்டார்ட் செய்தேன், நின்றது.
மறுபடியும்.
பின்னால் பாண்கார ஓட்டோ
ஹோர்ன் அடிக்கவில்லை, ஏசவில்லை;
தன் மெட்டை மட்டும் நிறுத்தாமல் வாசித்தது,
என் வெட்கத்துக்குப் பின்னணியாக.
நான்காம் தரம்
செருப்பைக் கழற்றினேன்.

ஊர் முடிந்து இரண்டு பக்கமும் வயல்.
மூன்றாம் கியர்.
எஞ்சினின் குரல் இறங்கி
கெஞ்சுவதை விட்டுப் பேசத் தொடங்கியது.
பயம் போனதென்று சொன்னால் பொய்.
அதுவும் பக்கத்து சீற்றில் உட்கார்ந்து வந்தது,
கிளீனர் மாதிரி,
கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி.

திரும்பி வந்தபோது மில்லில் சாப்பாட்டு நேரம்.
கொட்டிலுக்குள் பின்பக்கமாக விட வேண்டும்.
பின்னால் நிற்க வேண்டியவன் நான்.
நானோ உள்ளே இருக்கிறேன்.

இறங்கிப் பார்த்தேன். ஏறினேன். அரையடி.
இறங்கிப் பார்த்தேன்.
ஏழு தரம்.
வா, வா, என்று
எனக்கே கேட்காத குரலில் சொல்லிக்கொண்டேன்.
நாய் எழும்பி
வேறிடம் பார்த்துப் படுத்தது.

தூணுக்கும் பின்பலகைக்கும் நடுவே
கடைசியில் ஒரு கை அகலம்.
கையை வைத்துப் பார்த்தேன்.
சரியாக நுழைந்தது.
வெளியே எடுக்கத்தான்
கொஞ்ச நேரம் பிடித்தது.