வலது பக்க பல்பு

திருவாதவூர் ரோட்டில் மூன்றரை மணிக்கு
வலது பல்பு போயிருந்தது.
எனக்குத் தெரியாது.
ஸ்டீயரிங்குக்கு இந்தப் பக்கம் இருப்பவனுக்கு
வெளிச்சம் கொஞ்சம் மெலிந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.
பனி என்று நினைத்தேன்.
அப்புறம் தூக்கம் என்று.

எதிரே வந்தவருக்கு நான் கார் இல்லை.
ஓரமாய் ஒதுங்கிப் போகும் ஒரு பைக்.
மிச்ச ரோடெல்லாம் தனக்கென்று
இரண்டு மூட்டைக் கத்தரிக்காயோடு
எக்ஸெல்லை நடுவில் விட்டார்.

நான் பிரேக்கை மிதித்தேன், அவர் சாய்ந்தார்.
என் பக்கக் கண்ணாடி மடங்கியது.
ஒரு மூட்டை வாய் அவிழ்ந்து
தார் முழுக்க உருண்டது.

“ஒத்தக் கண்ணோட வர்றியேய்யா, பைக்குன்னுல்ல நெனச்சேன்.”
அவர் வண்டியில் விளக்கே எரியவில்லை.
அதைச் சொன்னேன்.
“என்னது எரியலைன்னா நான் மட்டும் சாவேன்.
ஒன்னது எரியலைன்னா?”

பதில் வராததால் குனிந்து பொறுக்கினேன்.
இடது விளக்கு எட்டிய தூரம் வரைக்கும் இருவரும்.
எட்டாத இடத்தில் அவர்
பாதத்தால் தடவித் தடவி எடுத்தார்.
மாயழகு என்று பேர் சொன்னார், கேட்காமலே.
ஒத்தக்கடையில் பஞ்சர் கடைக்கு அடுத்து
அமலோற்பவம் கடை விடிய விடிய இருக்கும், போ என்றார்.

துபாய் போகிறவரை ஏற்றிக்கொண்டு போனேன்.
கயிறு கட்டிய அட்டைப் பெட்டி, மனைவி,
நிமிஷத்துக்கு ஒருமுறை மணி பார்க்கும் கை.
ஐந்தே நிமிஷம் என்றேன். இறங்கி வந்து
அவரே செல்போன் டார்ச்சைப் பிடித்தார்.

ரப்பர் மூடியைக் கழற்றினால்
உள்ளே இரண்டு விட்டில், ஒரு சிலந்தி,
போன ஐப்பசி மழையில் கொஞ்சம்.
பழைய பல்பை ஆட்டிப் பார்த்தேன்.
அறுந்த இழை
கொலுசு முத்து மாதிரி சத்தம் போட்டது.

புதுசை எடுக்கப் போனபோது
அமலோற்பவம் என் மணிக்கட்டைத் தட்டினார்.
“கண்ணாடியைத் தொடாதீங்க. புரோட்டா தின்ன கை.
எண்ணெய் பட்ட எடம் சுட்டு வெடிச்சிரும்.”
வாசம் வந்திருக்கிறது, சால்னா.
துணியால் பிடித்துச் சொருகினேன்.
ரெண்டையும் மாத்துங்க, ஜோடி என்றார்.
ஒன்றுக்குத்தான் காசு இருந்தது.

எதிரே பள்ளிக்கூடச் சுவர்.
வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தி
திருகாணியைத் திருப்பச் சொன்னார்.
“நோட்டீஸ் ஒட்டாதே”க்கு மேலே நின்ற வெளிச்சம்
கால் திருகுக்கு ஓர் எழுத்தாய் இறங்கியது.
“போதும். எழுத்துக்குக் கீழ நிக்கட்டும்.
அதுக்கு மேல போனா
எதுத்தாப்ல வர்றவன் கண்ணு.”
சுவருக்குப் பின்னால் யானைமலை
ஒரு வெளிச்சமும் படாமல் கிடந்தது.

ஒரு பக்கம் பால் வெள்ளை.
இன்னொரு பக்கம் பழுத்த எலுமிச்சை.
அந்த மங்கலைத் தேய்க்க மாசம் ஒரு பேஸ்ட் தீர்கிறது.
வீட்டில் கேட்டால்
பல் கூச்சம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

விமான நிலையத்தில் அவர் உள்ளே போனார்,
டார்ச்சை அணைக்க மறந்து.
சட்டைப் பையில் அது எரிந்துகொண்டே போனதைக்
கதவு மூடும்வரை பார்த்துக்கொண்டிருந்தார் மனைவி.

திரும்பும்போது ரிங் ரோட்டில்
லாரி ஒன்று முழு பிரைட்டில் வந்தது.
நான் டிம் அடித்தேன். அது அடிக்கவில்லை.
அடுத்ததற்கும் அடித்தேன். அதுவும் இல்லை.
பின் சீட்டிலிருந்து அந்தம்மா,
அதுவரை பேசாதவர்,
“அவங்க யாரும் கொறைக்கலையே, நீங்க ஏன்?” என்றார்.

தெரியலைம்மா என்றேன்.
விரல் அதுபாட்டுக்குப் போகிறது.

மூன்றாவது வண்டி தூரத்தில் வந்தது, ஒரே விளக்கோடு.
பைக்காகத்தான் இருக்கும்.
இருந்தாலும்
ஒரு காருக்கு வேண்டிய இடத்தை விட்டு
ஓரத்தில் இறக்கி நின்றேன்.