செயலில் இல்லை

கோபியில், கச்சேரிமேட்டுக்குப் பின்னால்
கண்ணாஸ்பத்திரியின் ரெக்கார்டு ரூமில்
சொற்களைப் பாகம் பிரிப்பது என் வேலை.
ஒரு பேருக்குள் இரண்டு நோய் குடியிருந்தால்
கதவைத் தட்டி
யாருக்கு எந்த அறை என்று கேட்க வேண்டும்.

திங்கட்கிழமை ‘பூ’ வந்தது.
நம்பியூர் முகாமில் எழுதிய நாற்பத்தொரு சீட்டு,
அத்தனையிலும் நாச்சிமுத்துவின் சாய்ந்த எழுத்து:
கண்ணில் பூ, வலது.
கண்ணில் பூ, இடது.
கருவிழியில் விழுந்த தழும்பா,
உள்ளே வில்லை வெளுத்ததா,
மூக்கோரத்திலிருந்து ஏறி வந்த சதையா,
எழுதவில்லை.
இடது என்றால் வந்தவரின் இடதா
எதிரே உட்கார்ந்து பார்த்தவரின் இடதா,
அதுவுமில்லை.

நெற்தாள் குத்தியவனுக்கும் பூ.
எழுபது வயதில் பஸ் நம்பர் தெரியாதவளுக்கும் பூ.
சத்தியமங்கலம் பக்கம் போய்ச் சொன்னால்
கிலோ என்ன விலை என்பார்கள்.

குழப்புகிற சொல்லை
அழிக்கக் கூடாது என்பது விதி.
அதன் எண்ணை இன்னொன்றுக்குத் தரவும் கூடாது.
‘செயலில் இல்லை’ என்று குறித்து
பக்கத்தில் அம்புகள் போட வேண்டும்.
இதுவாக இருக்கலாம்.
இதுவாகவும்.
பழைய பட்டாவில் தாத்தன் பேர் நிற்பது மாதிரி
அது அங்கேயே நிற்கும்.
புதிதாக யாரும் அதன் பேரில் எழுத முடியாது,
அவ்வளவுதான்.

டாக்டர் மேகவர்ணனுக்குப் பொறுமை கிடையாது.
“பெரும்பாலும் புரைதானேம்மா,
மொத்தமா மாத்தி விட்டுருங்க.”
பெரும்பாலும் என்பதற்கு
எங்கள் பட்டியலில் எண் இல்லை.

மத்தியானம் ஜெசிந்தா ஒரு சீட்டை நீட்டினாள்.
இதில் பூ இல்லை. ‘கண்ணீர்’ என்றிருந்தது.
பழனாத்தாள், கவுந்தப்பாடி, இரண்டு கண்.
“நீர் வடியுதாட்ட இருக்குக்கா.”
எனக்கும் அப்படியே பட்டது.
நீர் வடிதல்.
எண்ணைப் போட்டு மூடிவிட்டேன்.

டீ குடிக்கையில் உறுத்தியது.
நாச்சிமுத்து இலக்கணம் பிசகாதவர்.
கண்ணும் நீரும் சேர்ந்தால்
நகரம் திரிந்து கண்ணீர்.
கண் நீர் அழுத்தம் என்று டாக்டர் சொல்லி,
கட்டம் சின்னதாகி,
அழுத்தத்துக்கு இடமில்லாமல் போயிருந்தால்
அவர் விதிப்படி சேர்த்துத்தான் எழுதியிருப்பார்.

ஒன்று கன்னத்தில் இறங்கும்,
பார்க்கிறவர்கள் என்னாச்சு என்பார்கள்.
மற்றது உள்ளேயே தேங்கி
ஓரத்திலிருந்து பார்வையைத் தின்னும்.
பெரும்பாலும் நோகாது.

(பெரும்பாலும். பார்த்தீர்களா, நானும்.)

போன் போட்டேன்.
“ஏனுங்கம்மா, கண்ணுல தண்ணி வருதுங்களா?”
“தண்ணியா? ஒரு பொட்டு இல்லீங்.”
“பார்வை எப்படிங்க?”
“நேரா நல்லாத் தெரியுதுங்.
சக்கரை மண்டிக்குப் போறப்பத்தான்
பக்கவாட்டுல வர்ற வண்டி
திடீர்னு முளைக்குதுங்.
வண்டிக்காரனுகளத்தான் வஞ்சுட்டு இருந்தேன்.”

சீட்டின் தேதியைப் பார்த்தேன்.
பதினாலு மாதம்.

“நாளைக்கு வெள்ளனே வந்துருங்க.”
“ஆலை ஓடுதுங்களே, வெசாழக்கெழமை வரட்டுங்களா?”
“நாளைக்கே வாங்க. கூட யாரையாச்சும் கூட்டிக்கிட்டு.”
அந்தப் பக்கம் சித்தே நேரம்
கொப்பரை கொதிக்கிற சத்தம் மட்டும்.
சரியென்றாளா, லைன் போய்விட்டதா,
தெரியவில்லை.

என் பதிவைத் திறந்து
செயலில் இல்லை என்று மாற்றினேன்.
காரணம் கேட்டது.
தேர்ந்தெடுக்க இரண்டு இருந்தன:
இருபொருள். பிழை.
சீட்டில் இருந்தது முதலாவது.
நான் செய்தது இரண்டாவது.
இரண்டாவதை அழுத்தினேன்.

புது வரியில் அடித்தேன்,
கண் நீர் அழுத்தம், சந்தேகம்.
கணினி கண்ணையும் நீரையும் சேர்த்து வைத்தது.
பிரித்தேன்.
மறுபடி சேர்த்தது.
நடுவில் கர்சரை நிறுத்தி
நீளப் பட்டையில் மறுபடி ஓர் அழுத்து,
இடைவெளி நின்றது.

மேசையில் இன்னும் நாற்பத்தொரு பூ.
முதல் சீட்டில் போன் நம்பர்
ஒன்பது இலக்கம்தான் இருந்தது.